சிரிப்புக்கு இடமான மோட்டார்கள்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கட்சி. அதை வழியோரம் நின்று பார்ப்பவர்கள் மற்றொரு கட்சி. நாம் பிறந்தது முதல் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்சிதான்.

ஆயினும் நமக்கு ஒரு பைத்தியம் உண்டு. விசித்திரமான மோட்டார்களின் படம் எங்கே அகப்பட்டாலும் கத்தரித்து, ஒரு பழைய கணக்கு நோட்டில் ஒட்டி வைப்போம். இதுவரை பசைக்குச் செலவான பணத்தில் ஒரு சைக்கிளாவது வாங்கியிருக்கலாம் என்பது நமது சகதர்மிணியின் அபிப்பிராயம்.

சென்ற வருஷம் மழை பெய்த ஒரு பிற்பகல். விளையாட்டு வகுப்பு நடைபெறவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கூச்சலை அடக்குவதற்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனோம்.

முதல் படம் அன்ன மோட்டார். 1910-ஆம் வருஷம் கல்கத்தாவில் இருந்த மாத்தியூஸன் என்னும் வெள்ளைக்காரத் தனவந்தர், இங்கிலாந்தில் லோஸ்டாப்ட் நகரில் செய்வித்துத் தருவித்தது. முன்புறம் பெரிய அன்னப் பறவை; அதன் கண்களில் விளக்கு எரியும்; அலகிலிருந்து ஆவி சீறும். கூட்டத்தை விலக்குவதற்கு அந்த ஆவி! பின்புறத்திலிருந்து பறவை எச்சத்தைப் போலச் சுண்ணாம்புக் குழம்பு விழுவதற்கும் ஏற்பாடு இருந்தது. ஜனங்கள் மிரண்டு ஓட, போலீஸார் தலையிட நேர்ந்தது. பிற்பாடு நாபா மகாராஜா அதை வாங்கிக்கொண்டார். இப்பொழுது அது நெதர்லாந்து தேசத்தில் ஒரு கண்காட்சிச் சாலையில் இருக்கிறது. பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஊரும் நம்முடையது, தெருவும் நம்முடையது, ஆவிக்குப் பயந்து ஒதுங்கியவர்களும் நம்மவர்களே. சிரிக்கும் பாத்தியதை நமக்கு நிச்சயமாக உண்டு.

அடுத்தது, ஐல் ஆப் மான் தீவில் 1962-இல் பிறந்த பீல் பி-50. நீளம் 137 சென்டிமீட்டர்; எடை 59 கிலோ. ஒரு கதவு, ஒரு விளக்கு, ஒரே ஆள். பின்னோக்கி ஓட்டுவதற்குக் கியர் கிடையாது. இறங்கிப் பின்புறக் கைப்பிடியைப் பற்றித் தள்ளு வண்டியைப் போலத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். மறுபடி சிரிப்பு.

பிறகு இசெட்டா. இத்தாலியில் குளிர்சாதனப் பெட்டி செய்துவந்த கம்பெனி 1953-இல் வெளியிட்டது. வண்டியின் முகமே கதவு. அதைத் திறந்தால் ஓட்டும் சக்கரமும் கூடவே வெளியே வரும். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி உரிமை வாங்கி, 1955 முதல் 1962 வரை 1,60,000-க்கு மேல் செய்தது. 1956-இல் சூயஸ் கால்வாய்த் தகராறினால் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, பரிகசித்தவர்களே இத்தகைய சிறு வண்டிகளைத் தேடினார்கள். பெர்லின் நகரின் குறுக்கே சுவர் எழும்பிய பிறகு, இசெட்டாவின் இயந்திரத்துக்கு அருகில் ஆளை ஒளித்துக் கிழக்கிலிருந்து மேற்கே தப்புவித்தவர்களும் உண்டு. அத்தனை சின்ன வண்டிக்குள் இன்னோர் ஆள் இருக்கக்கூடும் என்று காவற்காரர்கள் நினைக்கவில்லை.

நான்காவது படம் மெஸ்ஸர்ஷ்மிட். மூன்று சக்கரம்; ஒருவர் பின் ஒருவராக இரண்டு ஆசனம்; மேலே கண்ணாடி மூடி. "மீன் தொட்டி!" என்றான் ஒருவன். வகுப்பு அதிர்ந்தது. அப்பொழுதுதான் கடைசி பெஞ்சில் ஒரு பையன் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தோம்.

அவனுடைய தகப்பனாருக்கு இளம்பிள்ளை வாதத்தினால் இரண்டு காலும் சுவாதீனமில்லை. பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் தினந்தோறும் மகனை அழைத்து வருவார். பிள்ளைகள் அந்த வண்டிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது நம் காதில் விழுந்ததுண்டு. கண்டிக்கவில்லை, உண்மையைச் சொன்னால், ஒரு நாள் புன்னகையும் செய்தோம். சில மாதங்களாகப் பையன் தெருமுனையிலேயே இறங்கி, மழையானாலும் நடந்து வருவதைப் பார்த்தும் காரணம் யோசிக்கவில்லை.

படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெஸ்ஸர்ஷ்மிட்டின் வரலாற்றைச் சொன்னோம். பிரிட்ஸ் பெண்ட் என்ற விமானப் பொறியாளர், யுத்தத்தில் காலை இழந்த சிப்பாய்கள் பிறர் தயவின்றி வெளியே போய்வருவதற்காக மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். முதலில் உடல் பலத்தால் ஓடியது. பின்பு சிறு இயந்திரம் சேர்ந்தது. நல்ல கால் உள்ளவர்களும் அது வேண்டுமென்று கேட்டு வந்தார்கள்! விமானம் செய்யத் தடை விதிக்கப்பட்டிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலை, பெண்டின் யோசனையை ஏற்று 1953-இல் இந்த மோட்டாரை வெளியிட்டது. 1964 வரையில் இவ்வினம் ஆயிரக்கணக்கில் தயாராயிற்று.

"ஸார், அதற்கு ரிவர்ஸ் உண்டா?" என்று கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்.

1955-இல் வந்த வண்டியில் இயந்திரத்தை நிறுத்தி, எதிர்த் திசையில் சுழலும்படி கிளப்பினால் நான்கு கியரிலும் பின்னோக்கிப் போகும் என்றோம்.

"எங்கள் அப்பா வண்டிக்கு ரிவர்ஸ் இல்லை, ஸார். இறங்கித் தள்ளவும் அவரால் முடியாது. நான்தான் தள்ளுவேன்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பிறர் பார்ப்பதற்காகச் செய்த விசித்திரம் ஒன்று. போக வேண்டிய இடத்துக்குப் போவதற்காகச் செய்த விசித்திரம் மற்றொன்று. இரண்டையும் ஒரே நோட்டில் ஒட்டி, ஒரே சிரிப்பைச் சிரித்துவந்தோம். எம்.ஏ. பட்டம் பெற்ற நமக்கு இந்தப் பேதத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் உணர்த்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வண்டி வழக்கம்போலத் தெருமுனையில் நின்றது. நாம் அங்கே நடந்து போய், பக்கச் சக்கரங்களைப் பொருத்திய விதத்தை விசாரித்தோம். பையனின் தகப்பனார் கால் மணி நேரம் உற்சாகமாக விளக்கினார். பிள்ளைகள் சிலரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பள்ளி மணி அடித்துவிட்டது. வண்டியைத் திருப்பவேண்டும், பையன் பின்னால் போய்த் தள்ளினான். நாமும் ஒரு கை கொடுத்தோம்.

பட்டப்பெயர் அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். வண்டி மட்டும் இப்பொழுது வாசல் வரை வருகிறது.