பழுது பெட்டியில் இல்லை

பொம்மை ரயில் ஓட்டும் பவர் பேக் ஒன்றைப் பழுது என்று சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். பழுது அதில் இல்லை.

அமெரிக்காவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், அசலில் 87-இல் ஒரு பங்கு அளவில், 16.5 மி.மீ. பாதையில் லேஅவுட் போட்டிருக்கிறேன். டி.சி. முறைதான்: தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை. வோல்ட் ஏறினால் வேகம், பிளஸ் மைனஸ் மாறினால் ரிவர்ஸ். இரண்டு ரயிலைத் தனித்தனியாக ஓட்ட, வேகத்தையும் திசையையும் மாற்றும் த்ராட்டில் இரண்டு ஒரே பெட்டிக்குள் உள்ள பவர் பேக்கை வாங்கினேன். பாதையைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏ த்ராட்டிலா, பி த்ராட்டிலா என்று மாற்ற ஒரு சுவிட்ச் வைத்தேன். முறைப்படி இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, இரண்டு வயரையும் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோயிருக்க வேண்டும். சோம்பல். ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டிவிட்டு மற்றதைப் பொதுவாக விட்டால் பாதி வேலை மிச்சம். காமன் ரெயில் என்பார்கள். நல்ல முறைதான், இரண்டு த்ராட்டிலுக்கும் மின்சாரம் தனித்தனியே வரும்வரை.

என் பெட்டிக்குள் இரண்டுக்கும் ஒரே சப்ளை. இரண்டு ரயிலும் ஒரே திசையில் போனால் வம்பில்லை. ஒன்றை ரிவர்ஸில் போட்டதும் ஏ-யின் பிளஸும் பி-யின் மைனஸும் அந்தப் பொதுத் தண்டவாளத்தில் சேர்ந்துவிடும். நேரடி ஷார்ட். சிவப்பு விளக்கு எரியும், பிரேக்கர் விழும், இரண்டு என்ஜினும் அப்படியே நிற்கும். காமன் ரெயிலுக்கு உதவாது என்று கூடவே வந்த தாளில் அச்சடித்திருந்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை. மின் பொறியாளன் பொம்மைக்குத் தாள் படிப்பானா!

கடைக்காரர் ஒன்றுதான் கேட்டார்: "காமன் ரெயிலா?" கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் என் உத்தியோகத்தை அவரிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டாயிற்று. "இல்லை" என்றேன். மறுபேச்சில்லாமல் புதுப் பெட்டி எடுத்துக் கொடுத்தார்.

புதியதிலும் அதே சிவப்பு விளக்கு. அப்போதுதான் பிளக்கைப் பிடுங்கி, தண்டவாளத்துக்குப் போகும் வயர்களையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஏ-யிலும் மறுமுனையை பி-யிலும் வைத்துப் பார்த்தேன். தொடர்பு காட்டியது. முதல் பெட்டியிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை, ஒரு நிமிஷ வேலை. பிறகு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, எல்லாமே கறுப்பாக இழுத்து வைத்திருந்த வயர்களில் எது எதுவென்று தேடி, மற்ற தண்டவாளத்தையும் வெட்டி, சுவிட்சுகளை மாற்றினேன். இப்போது ஒன்று முன்னால் போக மற்றது பின்னால் போகிறது.

அடுத்த தடவை கடைக்குப் போனபோது, நான் திருப்பிக் கொடுத்த நல்ல பெட்டி, 'பழுது' என்று சீட்டு ஒட்டி, உதிரி சாமான் கூடையில் கிடந்தது. பார்த்தேன். ஒரு பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு நான் ஒரு பவர் பேக்கின் விலை பாக்கி.