ஒட்டுத்தாளும் ஒலிபரப்பும்

ஒலிநாடாப் பேழையின் மேல்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அந்த நாடாவில் வேறெதையும் பதிவு செய்ய இயலாது. கடைகளில் விற்கப்பட்ட திரைப்பாடல் நாடாக்கள் அனைத்தும் அவ்வாறு உடைக்கப்பட்டே வந்தன. ஆனால் தகடு போன இடத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டினால் போதும், கருவி ஏமாந்துவிடும். பழைய பாடல் அழிந்து, பாட்டியின் தாலாட்டோ, தெருக்கூத்துக் கலைஞரின் விருத்தமோ அங்கே குடியேறும். கேட்பதற்கென்று விற்கப்பட்ட பொருளைப் பேசுவதற்கும் பயன்படுத்தலாம் என்பதைச் சிற்றூர் மக்கள் யாரும் சொல்லித் தராமலேயே கண்டுகொண்டார்கள்.

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் இப்பேழையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் ஒருவரின் பாட்டு மற்றவருக்குக் கேட்க வேண்டுமாயின் இசைத்தட்டு நிறுவனமோ வானொலி நிலையமோ மனம் வைக்க வேண்டும். பேழை வந்தபின் ஒரு பதிவுக்கருவியும் நான்கு மின்கலங்களும் போதுமானவையாயின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் கடிதத்திற்கு மாற்றாகத் தம் பேச்சையே பதிந்து வீட்டிற்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், பிறரைப் படிக்கச் சொல்லாமல், மகனின் குரலை நேரடியாகக் கேட்டாள்.

நான் வளர்ந்தது கும்மிடிப்பூண்டியில். சிப்காட் தொழிற்பேட்டையை நாடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஓர் அறைக்கு ஐவர், அறுவர் எனத் தங்கியிருந்தார்கள். பகல் பணிமுறைக்காரர் எழுந்து சென்ற பாயில் இரவுப் பணிமுறைக்காரர் வந்து படுப்பார். அவ்வறைகளில் உடைமை என்று சொல்லத்தக்கவை ஒரு தகரப்பெட்டியும் ஒரு டேப் ரெக்கார்டரும்தாம். திரைப்பாடல்களுக்கு நடுவே, மேலுறையில் படம் எதுவுமின்றிப் பேனாவால் பெயர் எழுதிய நாடாக்களும் இருக்கும். அவை கடையில் வாங்கியவை அல்ல. ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குப் படியெடுத்தவை. படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சற்று மங்கும், இரைச்சல் சற்றுக் கூடும். எனவே நாடா எத்தனை கை மாறி வந்தது என்பதை அதன் இரைச்சலைக் கொண்டே ஒருவாறு மதிப்பிடலாம்.

அப்படிக் கைமாறிச் சென்ற குரல்களுள் கே.ஏ. குணசேகரனின் குரல் முதன்மையானது. சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955இல் பிறந்தவர். நாட்டுப்புறவியல் ஆய்வாளர், நாடக ஆசிரியர், பேராசிரியர். தம் இளமையின் சாதிக் கொடுமைகளை ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் எழுதியவர். ‘தன்னானே’ என்னும் கலைக்குழுவை நடத்தினார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை எண்ணிக் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழகமெங்கும் கொண்டுசேர்த்தது குணசேகரனின் குரல். திரைப்படத்தின் துணையோ பெரிய இசை நிறுவனத்தின் விளம்பரமோ அதற்குத் தேவைப்படவில்லை. மேடையில் கேட்டவர்கள் பாடினார்கள்; பதிந்தவர்கள் படியெடுத்தார்கள். அவர் 2016 ஜனவரியில் மறைந்தார். அவர் எழுதியவற்றை நூலகத்தில் தேடிப் படிக்கலாம். அவர் பாடியதை, மங்கிய பதிவாயினும், ஒருமுறையேனும் கேட்க வேண்டும் என்பேன். தவிலும் பறையும் சூழ, உச்சத்தில் எழும் அக்குரலை எழுத்தில் விளக்க என்னால் ஆகாது.

ஆயினும் நாடாவுக்கு ஓர் எல்லை உண்டு. அது கைக்குக் கைதான் செல்லும். கேட்க விரும்புகிறவர் தேடிச் சென்று பெற வேண்டும். வானொலி அப்படியன்று. அடுப்படியில் இருப்பவருக்கும் களத்துமேட்டில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் சென்று சேரும். ஆகவேதான் அரசுகள் நாடாவைவிட வானொலியைக் கண்டு மிகுதியாக அஞ்சின போலும்.

இத்தனைக்கும் சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசு அன்று. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்னும் ஆர்வலரின் முயற்சியால் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் மூன்று ஆண்டுகளில் கழகம் ஓய்ந்தது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுச் சென்னை மாநகராட்சி 1930 முதல் நிலையம் நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. அதன்பின் நெடுங்காலம் காற்றலை முழுவதும் அரசின் கையில் இருந்தது.

அந்த நிலையை அசைத்தது, வியப்பாக, ஒரு கிரிக்கெட் வழக்கு. போட்டியை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்திற்கும் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திற்கும் நடந்த வழக்கில், காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நீதிபதி பி.பி. சாவந்த் அத்தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவர். தீர்ப்பு வந்ததே ஒழிய, உரிமம் உடனே வரவில்லை. 2002இல்தான் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. கல்லூரிப் படியேறாத மக்களோ இன்னும் காத்திருந்தார்கள்.

அவ்வாறு காத்திருந்தவர்களைக் காண வடக்கே செல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தெலுங்கு நிலம். அங்கிருந்து ஐதராபாத்துக்கும் அப்பால் ஜஹீராபாத் வட்டாரம். அங்குள்ள ஏறத்தாழ 75 ஊர்களில், பெரும்பாலும் தலித் பெண்கள், சங்கங்களாகக் கூடிச் சோளம், தினை, சாமை முதலிய பயிர்களையும் அவற்றின் விதைகளையும் காத்து வந்தனர். அவர்களோடு உழைத்தது தக்காணப் பீடபூமி வளர்ச்சிச் சங்கம். அதை நண்பர்களோடு தொடங்கியவர் பி.வி. சதீஷ். மைசூரில் பிறந்து, தூர்தர்ஷனில் தயாரிப்பாளராகப் பணியாற்றியவர். தலைநகரில் அமர்ந்து சிற்றூருக்கு அறிவுரை கூறும் நிகழ்ச்சிகளின் உள்ளும் புறமும் அறிந்த அவர், ஒலிப்பதிவுக் கருவியைச் சிற்றூரின் கையிலேயே கொடுத்துவிடும் முடிவுக்கு வந்தது எனக்கு மிக இயல்பாகப் படுகிறது.

மற்ற வானொலிகள் தங்கள் பேச்சுவழக்கில் பேசுவதில்லை. தங்கள் பயிரைப் பற்றியும் பேசுவதில்லை என்பது அப்பெண்களின் குறை. யுனெஸ்கோவின் உதவியோடு மாச்னூர் என்னும் சிற்றூரில் நிலையம் எழுந்தது. 1998இல் எல்லாம் இருந்தன. ஒலிபரப்பும் உரிமம் மட்டும் இல்லை.

ஒலிபரப்ப இயலாத வானொலியில் என்ன செய்வது? அவர்கள் பதிவு செய்தார்கள். விதை சேமிக்கும் முறை, மூலிகை மருந்து, நாற்று நடவுப் பாட்டு, திருவிழாக் கதை ஆகிய அனைத்தையும் ஒலிநாடாவில் பதிந்தார்கள். அந்நாடாக்கள் ஊர்களுக்குச் சென்றன; சங்கக் கூட்டங்களில் ஓடவிட்டுக் கேட்டார்கள். காற்றில் செல்லவேண்டிய குரல் பையில் சென்றது. ஒருநாள், இருநாள் அன்று, பத்து ஆண்டுகள்.

இப்பணியை முன்னின்று நடத்திய இருவருக்கும் நர்சம்மா என்றே பெயர். குழப்பம் நேராதிருக்க ஒருவரை ஜெனரல் நர்சம்மா என்றும் மற்றவரை அல்கோல் நர்சம்மா என்றும் அழைத்தார்கள். வானொலி அறிவிப்பாளர் என்றதும் நாம் கற்பனை செய்யும் பட்டமும் பயிற்சி பெற்ற உச்சரிப்பும் அவர்களுக்குத் தேவையாக இல்லை. ஊரின் பேச்சுதான் அங்கே தகுதி. பத்து ஆண்டு நாடாப் பதிவே அவர்களுக்குக் கல்லூரி ஆயிற்று.

2006இன் இறுதியில் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி உரிமம் உண்டு என விதி மாறியது. ஊரக மகளிர் நாளான 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் வானொலி காற்றில் ஏறியது. தொடங்கி வைக்க வந்தவர் நீதிபதி சாவந்த். தாம் எழுதிய தீர்ப்பு, வயல் வேலை முடித்துவந்த பெண்களின் குரலாக ஒலிப்பதை அவர் நேரில் கேட்டார். தீர்ப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே 13 ஆண்டுகள் கழிந்திருந்தன. சதீஷ் 2023 மார்ச்சில் மறைந்தார்.

சமுதாய வானொலிக்கு விதி வகுத்த ஆற்றல் 100 வாட். சில மின்விளக்குகள் எரியத் தேவைப்படும் அளவுதான். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒரு கோபுரம் நட்டால் தொழிற்பேட்டை முழுவதும் கேட்கும். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் எட்டும். பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளியோடு பேசிக்கொண்டிருக்க, இங்கே ஒரு பணிமுறைக்காரர் அடுத்த தெருவோடு பேச எவ்வளவு தொலைவு வேண்டும்? கருவி கிடைத்துவிடும். எந்த மொழியில் பேசுவது என்பதில்தான் முதல் வழக்கு எழும். நெல்லைத் தமிழும் எல்லைத் தெலுங்கும் இங்குண்டு. முகாமில் வாழும் ஈழத்தமிழரின் பேச்சும் இருளர் குடியிருப்புகளின் பேச்சும் உண்டு. இப்போது அந்த ஐவர், அறுவர் தங்கும் அறைகளில் கேட்பவை ஒடியாவும் போஜ்புரியும். அவ்வறைகளில் டேப் ரெக்கார்டர் இல்லை. ஒவ்வொருவர் காதிலும் ஒரு செவிப்பொறிக் கம்பி. அவரவர் ஊர்ப்பாட்டை அவரவர் மட்டும் கேட்டபடி, பாய்களில் பணிமுறை மாற்றிப் படுத்திருக்கிறார்கள்.