சீருடைக்குள் இருப்பவன்

கறுப்பு இலக்கியம் பேசுகிற நாம் பாப் மார்லியை ஒரே மாதிரியாகத்தான் கேட்டு வருகிறோம். விடுதலை, கலகம், ஆப்பிரிக்கா. போரையும் போர்வீரனையும் பற்றி அவர் பாடியதை மட்டும் தனியே எடுத்துவைத்துக் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் தொண்டையில் சிக்கும்.

1976இல் வந்த ‘வார்’ சிக்காது. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா. சபையில் பேசியதுதான் ஏறக்குறைய அப்படியே பாட்டாகியிருக்கிறது. ஓர் இனம் உசத்தி, இன்னொன்று மட்டம் என்கிற எண்ணம் ஒழியாதவரை சண்டை ஓயாது என்பது அதன் சாரம். ராஜா ஒருத்தரின் மேடைப்பேச்சுதான். கிங்ஸ்டன் சேரியில் வளர்ந்தவர் வாயில் விழுந்ததும் அது சேரிக்காரன் பேச்சாகிவிட்டது. ‘இனம்’ என்ற இடத்தில் ‘சாதி’ என்று போட்டுக்கொள்ள நமக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

சிக்குவது ‘பஃபலோ சோல்ஜர்’. 1981இல் அவர் செத்துப்போய், 1983இல் வெளியான பாட்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866இல் கறுப்பர்களை மட்டும் வைத்துக் குதிரைப்படைகள் அமைத்தார்கள். அந்தச் சிப்பாய்களின் பாட்டு அது. ஆப்பிரிக்காவிலிருந்து திருடிக்கொண்டுவரப்பட்டவன், வந்த நாளிலிருந்து பிழைத்துக் கிடக்கவே சண்டை போட்டவன் என்று மார்லி பாடும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்தப் படையை யாருக்கு எதிராக அனுப்பினார்கள்? அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு எதிராக. அவர்கள் நிலத்தை வெள்ளைக்காரனுக்குப் பிடுங்கிக் கொடுக்க. அது பாட்டில் இல்லை.

இதைக் கேட்டவர் எங்க மாமா. பிச்சாவரம் பக்கத்துச் சேரியிலிருந்து ராணுவத்துக்குப் போனவர். லீவில் சீருடையோடு வந்தபோது, பூட்ஸைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்ன ஊர்த்தெரு எங்களுடையது. அவர் கழட்டவில்லை. வயலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 1987இல் அமைதிப்படையில் யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. தீபாவளியன்று யாழ் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த படை, டாக்டர்களையும் நர்ஸுகளையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது. மாமா அங்கே இல்லை. ஆனால் அவர் போட்டிருந்ததும் அதே சட்டைதான். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியென்றுதான் நானும் அன்றைக்கு டீக்கடையில் பேசினேன், இன்றைக்கும் சொல்வேன். அதை மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு விஷயம்.

கேசட்டைப் போட்டு அர்த்தம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிடா, இவன் யாரச் சுட்டான்? அதப் பாட்டுல சொல்றானா?” என்றார்.

“இல்ல மாமா.”

“அப்ப பாதிப் பாட்டுதான் பாடியிருக்கான்.”

மராட்டியத்தில் அம்பேத்கரியப் பாடகர்களுக்கு பீமா கோரேகான் இருக்கிறது. 1818 ஜனவரி 1இல் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். சுபேதார் ராம்ஜியின் மகனான பாபாசாகேப் 1927இல் அங்கே நேரில் போய் நின்றார். அதைப் பாடுவது சுலபம், எதிரே நின்றவன் பேஷ்வா. (அந்த மகர்களையே 1890களில் படைக்கு வேண்டாமென்று தள்ளியவனும் வெள்ளைக்காரன்தான். போர்க்குணமுள்ள சாதி என்றொரு சித்தாந்தம் வைத்திருந்தான்.)

நமக்கு இங்கேயே ஒன்று இருக்கிறது. பிச்சாவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1இல் அயர் கூட் அங்கே ஹைதர் அலியைத் தோற்கடித்தான். அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஹைதரின் ஆட்கள் கோட்டையாக வைத்திருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கினான். கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் சிப்பாய்களாக இருந்த காலம் அது. நந்தனை நெருப்பில் இறக்காமல் உள்ளே விடாத கோயில் வாசலுக்குத் துப்பாக்கியோடு போன படை! நினைத்தால் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் வருகிறது, மறைப்பானேன். ஆனால் உள்ளே இருந்தவர்கள் ஹைதரின் சிப்பாய்கள். சுட்டவனும் கூலிக்காரன், சுடப்பட்டவனும் கூலிக்காரன். இதை எந்த மெட்டில் பாடுவது?

1992இல் வாச்சாத்தி மலைவாசிகள் மேல் பாய்ந்ததும் சீருடைதான். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என 269 பேர் மேல் வழக்கு. 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. இங்கே சுரபுன்னைக் காட்டுக்குள், மார்பளவுத் தண்ணியில் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கும் காக்கிச் சட்டையைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தச் சட்டைக்குள் நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருக்கக்கூடாது என்று யார் சொல்ல முடியும்? ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடக்க அது ஒன்றுதான் வழி என்று இன்னமும் பல சேரிகளில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்யுமில்லை.

மாமாவின் பேரன் இப்போது போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். ஒன்றரை கிலோமீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். விடியற்காலையில் ரோட்டோரம் வாட்ச்சோடு நின்று நேரம் பார்த்துச் சொல்வது மாமாதான்.