உள்ளேன் ஐயா!

இரண்டாம் ஆண்டு மாணவன், இளம் அறிவியல் வேதியியல்

நம் கல்லூரியில் ஒரு நாளில் மிக அதிகமாக ஒலிக்கும் சொல் எது என்று கேட்டால் நண்பர்கள் பலவிதமாக விடை சொல்வார்கள். 'பஸ் போய்விட்டதா?' என்பான் ஒருவன். 'ரெக்கார்டு முடித்துவிட்டாயா?' என்பான் இன்னொருவன். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு துறைகள்; மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பதினெட்டு வகுப்புகள். வகுப்புக்கு 40 பேர் என்றும், நாளொன்றுக்கு 5 பாடவேளை என்றும் கொண்டால் 3,600 முறை ஒலிக்கும் சொல் ஒன்றுதான். 'உள்ளேன் ஐயா!'

இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

நம் கல்லூரியின் பொழுது எப்படி விடிகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நகரப் பேருந்து வளைவில் திரும்பும்போதே படிக்கட்டில் நிற்பவர்கள் குதிக்கத் தயாராகிவிடுவார்கள். நடத்துநர் எங்களிடம் பயண அட்டையைக் கேட்பதே இல்லை. எங்கள் முகங்களே அட்டைகள். மின்சாரம் இருந்தால் மின்மணி அலறும். இல்லையேல் வேப்ப மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அலுவலக உதவியாளர் அண்ணன் அடிப்பார். எனக்கென்னவோ இரண்டாவது மணிதான் பிடிக்கும். அதில் ஒரு கை தெரிகிறது.

அடுத்த கேள்வி, 'இன்று என்ன நாள்?' திங்களா, செவ்வாயா என்பது இங்கே செல்லாது. ஆறு நாள் சுழற்சியில் இன்று மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்பதே பேச்சு. ஒரு காலையில் என் தாயார், "இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானேடா?" என்று கேட்டார். அரைத் தூக்கத்தில் நான், "இல்லம்மா, இரண்டாம் நாள்" என்றேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்!

முதல் பாடவேளை தமிழ். 'பிரசென்ட் சார்' என்றால் எங்கள் தமிழய்யா தலை நிமிர மாட்டார். 'உள்ளேன் ஐயா' என்றால்தான் பேனா நகரும். பிறகு துறைப் பாடங்கள். நண்பகலில் புளியமரத்தடியில் சோற்று டப்பாக்கள் திறக்கும். யாருடைய சோறு யாருடைய வயிற்றுக்குள் போகிறது என்பதை எந்த ஆய்வும் கண்டுபிடிக்க முடியாது. உண்டபின் சிலர் நூலகத்துக்கு ஓடுவார்கள். செய்தித்தாளில் அரசுத் தேர்வு அறிவிப்புப் பக்கம் முதலில் யார் கைக்குப் போகிறது என்பதில் போட்டி. பிற்பகல் எங்களுக்கு ஆய்வகம். மாலை மணி அடித்தால் மீண்டும் அந்தப் பேருந்து.

இவ்வளவுதான் ஒரு நாள். சிறிய கல்லூரி, சிறிய நாள். ஆனால் சென்ற பருவத்தில் இப்படிப்பட்ட ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு மலையளவு பெரிதாகிவிட்டது.

என் தந்தையார் பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் சுமை தூக்குபவர். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடே பேசியது. சாலையோரம் கொட்டும் அளவுக்கு விலை விழும் காலமும் உண்டு. இரண்டு காலத்திலும் பெட்டியின் கனம் ஒன்றுதான். ஏற்றுகிற கூலியும் ஒன்றுதான். சென்ற பருவத் தொடக்கத்தில் லாரியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி அவர் கீழே விழுந்தார். கணுக்காலில் முறிவு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் என் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. பரிசோதனைக் குறிப்பேடும் புத்தகமும் வாங்க அது போதும். ஐந்து பேர் சாப்பிடப் போதாது. ஆகவே அவருடைய இடத்தில் நான் நின்றேன்.

பின்னிரவில் போனால் விடிந்தபின் திரும்புவேன். 'சற்றே சாய்ந்துவிட்டுப் போகலாம்' என்று பாயில் படுப்பேன். கண் விழிக்கும்போது சுவரில் வெயில் ஏறியிருக்கும். இப்படிப் போன நாள்கள் எத்தனை என்று நான் எண்ணவில்லை. வருகைப் பதிவேடு எண்ணிக்கொண்டிருந்தது.

பருவத்தில் 64 நாள்கள் கழிந்த நிலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. வருகை குறைந்தோர் பட்டியல். மேலிருந்து மூன்றாவது பெயர் என்னுடையது. 42 நாள் என்று போட்டிருந்தது. பருவத்துக்கு 90 வேலை நாள்கள். 75 விழுக்காடு என்றால் 67½. அதாவது 68 நாள் வேண்டும். மீதி இருப்பவை 26. நாற்பத்திரண்டும் இருபத்தாறும் அறுபத்தெட்டு! இனி ஒரு நாளும் தவறாமல் வந்தால் தப்பித்தேன். பலகையின் முன்னே நின்று மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாகவே வந்தது.

ஆனால் நண்பர்களே, அந்தக் கணக்கில் ஒரு பொய் இருந்தது. ஒரு நாள் எல்லாத் துறை இரண்டாமாண்டு மாணவர்களையும் அரங்கில் அமர்த்திக் கருத்தரங்கம் நடத்தினார்கள். பெயர்களை வாசித்து வருகை எடுத்தார்கள். அன்று நான் வீட்டில் பாயில் கிடந்தேன். கூட்டத்தின் நடுவிலிருந்து என் தோழன் ஒருவன் எனக்காக 'உள்ளேன் ஐயா' என்று குரல் கொடுத்துவிட்டான். மறுநாள் அதைச் சொன்னபோது நான் அவன் தோளைத் தட்டிச் சிரித்தேன். என் உண்மையான வருகை 41. கடைசி நாள்வரை வந்தாலும் 67. அரை நாள் குறை!

யாருக்குத் தெரியப் போகிறது? என் நெஞ்சு இதைத்தான் ஒரு வாரம் திரும்பத் திரும்பச் சொன்னது. மேஸ்திரியிடம் கெஞ்சி, ஏழு மணிக்குள் முடியும் வண்டியை மட்டும் ஏற்றிவிட்டு நாள்தோறும் வரத் தொடங்கினேன். ஒவ்வொரு காலையும் 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும்போது தொண்டையில் ஏதோ ஒன்று இடறியது.

அந்த வாரம் ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் தரம் பார்த்தல். பிற துறை நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கூம்புக் குடுவையில் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்காத சூடுவரை சூடாக்க வேண்டும். பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் துளித் துளியாக விட வேண்டும். விழுந்த துளியின் நிறம் மறைந்துகொண்டே இருக்கும். எந்தத் துளியில் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கிறதோ அதுவே முடிவுநிலை. அந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறை ஒரே அளவு வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும்.

எனக்கு முதல் முறை 19.8, இரண்டாம் முறை 19.4. மூன்றாவது செய்யக் கையில் வலுவில்லை. இரவெல்லாம் பெட்டி தூக்கிய கை. குறிப்பேட்டில் மூன்றாவது அளவாக 19.4 என்று நானே எழுதிவிட்டேன். பேராசிரியர் பின்னால் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

"குடுவை எங்கே?" என்றார்.

குடுவை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கோபப்படவில்லை. "அளவு தப்பாக வந்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். குடுவை சொல்லாததை நோட்டு சொல்லக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நான் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடியும் அமிலத்தை அளந்து ஊற்றினேன். அப்போது அவர் திரும்பி வந்து அருகில் நின்றார். முதல் துளி விழுந்தது. நிறம் மறையவே இல்லை. நான் பதறினேன். "பொறு. முதல் துளிக்கு நேரமாகும். அது வினைபுரிந்து மாங்கனீசு அயனி உண்டாகும். அந்த அயனிதான் பின்னால் வரும் துளிகளை வேகப்படுத்தும். வெளியிலிருந்து யாரும் வினைவேக மாற்றி போடுவதில்லை, வினையே அதை உண்டாக்கிக்கொள்கிறது" என்றார். சொன்னபடியே நிறம் மெல்ல மறைந்தது. அடுத்த துளிகள் விழுந்த வேகத்திலேயே மறைந்தன. அளவு 19.5 வந்தது. நான்காவதும் செய்தேன். 19.5!

மாலை மணி அடித்தபின் துறை அறைக்குச் சென்று, "ஐயா, கருத்தரங்கத்தன்று நான் வரவில்லை" என்றேன். அவர்தான் எங்கள் வகுப்புக்குப் பொறுப்பாசிரியர். யார் குரல் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்து சிவப்பு மையால் அந்தக் கட்டத்தைத் திருத்தினார். "குறை வருகைக்கு அபராதம் கட்டி முதல்வருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அப்பாவின் கையொப்பம் வேண்டும். அழைத்து வா" என்றார்.

என் தந்தையார் எங்கள் கல்லூரியை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கட்டு அவிழ்த்த காலுடன், வெளுத்த சட்டை அணிந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். துறை வாசலில் கோயிலில் கழற்றுவதுபோலச் செருப்பைக் கழற்றினார். "வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள். கால் சரியில்லையே" என்று பேராசிரியர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தந்தையார் நுனியில் அமர்ந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, ஒரு பெட்டியை இறக்கி வைப்பதுபோல எழுதினார்.

பிறகு மேசையில் விரிந்திருந்த பதிவேட்டைப் பார்த்தார். "இதுல இவன் பேரு எங்கீங்க ஐயா?"

பேராசிரியர் காட்டினார். என் பெயருக்கு நேரே விரலை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டே போனார். "இதெல்லாம் இவன் வந்த நாளுங்களா?"

"ஆமாம்."

விரல் சிவப்பு மையில் நின்றது. "இது?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் வரலப்பா. வந்ததா எழுதியிருந்துது. நான்தான் சொல்லித் திருத்தச் சொன்னேன்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில்தான் பேசினார். "வண்டியில பெட்டி ஏத்தறப்ப ஒண்ணு சேத்து எண்ணுனா அன்னிக்குக் காசு கூட வரும். மறுநாள் அந்த வண்டிக்காரன் நம்மளக் கூப்புட மாட்டான்." சற்று நேரம் கழித்து, "பேரு கூப்புட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும்பா."

"எங்க வாத்தியாருக்கும் அதான். ரெண்டு வருசம் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான்.

அபராதத் தொகை எனக்கு இரண்டு நாள் சுமைக் கூலி. கட்டினேன். மீதி நாள்களில் ஒன்றையும் விடவில்லை. தேர்வு எழுதினேன்; எல்லாத் தாள்களிலும் தேறினேன். தோழனுக்கு என்மேல் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் புளியமரத்தடியில் என் டப்பாவில் எலுமிச்சைச் சோறு இருப்பதைக் கண்டு கோபம் தீர்ந்தான்!

தந்தையார் இப்போது மீண்டும் சந்தைக்குப் போகிறார். தூக்குவதில்லை; பெட்டிகளை எண்ணிச் சொல்லும் வேலை. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்கும் என் தங்கை என் குறிப்பேட்டைப் புரட்டி, "அண்ணா, இந்த நிறம் ஏன் முதலில் மறையவில்லை?" என்று கேட்கிறாள். நான் விளக்குகிறேன். எனக்குப் புரிய ஒரு பருவம் ஆனது. அவளுக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருக்கிறது. முதல் துளிக்குத்தான் நேரமாகும் என்று பேராசிரியர் சொன்னது பெர்மாங்கனேட்டுக்கு மட்டுமன்று போலும்.

தோழர்களே! நம்மில் பலருடைய வீட்டில் இதற்குமுன் யாருடைய பெயரும் ஒரு கல்லூரிப் பதிவேட்டில் ஏறியதில்லை. நாம் 'உள்ளேன்' என்று சொல்லும்போது நம் பின்னால் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிறார்கள். ஆகவே அதை நாமே வந்து, நம் குரலிலேயே சொல்வோம்.

இதோ, தண்டவாள மணி கேட்கிறது. மின்சாரம் போய்விட்டது போலிருக்கிறது. இன்று ஐந்தாம் நாள். முதல் பாடவேளை தமிழ். நான் ஓட வேண்டும்.