ஒரு நிரல், மூன்று பொட்டலங்கள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் மென்பொருளை எழுத இன்று வழிகள் பல. 1995-இல் வந்த க்யூட்டி, ஜாவா ஆகியவை மூத்தவை. கிட்ஹப் நிறுவனம் தன் ஆட்டம் எடிட்டருக்காக உருவாக்கிய எலக்ட்ரான், இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவரையும் இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றும் குரோமியம் உலாவியைச் சுமந்தே வருகிறது. திரையில் ‘வணக்கம்’ என்று மட்டும் காட்டுவதும் நூறு மெகாபைட்டைத் தாண்டும். 2022-இல் 1.0 பதிப்பைக் கண்ட டாவ்ரி, கணினியில் ஏற்கெனவே உள்ள உலாவி எஞ்சினைப் பயன்படுத்திக்கொள்கிறது. அளவு வெகுவாகக் குறைகிறது. ஆனால் மூன்று தளத்திலும் எஞ்சின் ஒன்றல்ல என்பதால், ஒன்றில் ஒழுங்காக நிற்கும் பக்கம் இன்னொன்றில் கோணிக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் பாதி வேலை தீர்ந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. வெளியீட்டின் கடினமான பகுதி, செயலிக்கு இடும் டிஜிட்டல் கையொப்பம்தான்.

மேக்கில் 2012 முதல் கேட்கீப்பர் என்ற காவல் இருக்கிறது. அதைக் கடக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்டி ஆப்பிளின் சான்றிதழ் பெற வேண்டும். செயலிக்குள் இருக்கும் நூலகங்களுக்கு முதலில், வெளிக்கூட்டுக்குக் கடைசியில் என்ற வரிசையில் கையொப்பமிட வேண்டும். அதன்பின் உள்ளே ஒரு கோப்பு மாறினாலும் கையொப்பம் செல்லாது. முடிந்ததை ஆப்பிளுக்கு அனுப்பி, தீநிரல் சோதனையில் தேறியதற்கான சீட்டையும் வாங்க வேண்டும். சீட்டு இல்லாத செயலியை வலச்சொடுக்கில் திறக்கும் குறுக்குவழியை 2024-இன் சிகோயா பதிப்பு அடைத்துவிட்டது.

விண்டோஸின் காவலான ஸ்மார்ட்ஸ்கிரீன் வேறு ரகம். சான்றிதழ் இருந்தாலும், போதிய பேர் இறக்கிப் பழகாத செயலியை அது சந்தேகிக்கும். புதியவருக்கு இது அநியாயம்தான். 2023 ஜூன் முதல் பொதுச் சான்றிதழின் ரகசியச் சாவி பாதுகாப்பான வன்பொருளில் இருந்தாக வேண்டும் என்பதால், சாவிக் கோப்பைத் தானியங்கி பில்டு சர்வரில் போட்டுவைத்த பழைய வழக்கமும் போயிற்று. கையொப்பத்தோடு நேரமுத்திரையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய வெளியீடுகளின் கையொப்பமும் செல்லாமல் போகும்.

லினக்ஸில் இந்தக் கெடுபிடி இல்லை. டெப், ஆர்பிஎம், ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்று பொட்டல வகைகள்தான் பெருகிக்கிடக்கின்றன. புதிய லினக்ஸில் தொகுத்த நிரல், பழைய லினக்ஸில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு போதவில்லை என்று நின்றுவிடும். அதனால் ஆதரிக்க வேண்டிய தளங்களில் ஆகப் பழையதிலேயே தொகுப்பது வழக்கம். கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸும் மேக்கும் இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் விடாது.

சோதனையை நிரலாளரின் கணினியில் செய்து பயனில்லை. தேவையான நூலகங்கள் எல்லாம் அங்கே முன்பே இருக்கும். எதுவும் நிறுவாத புதிய கணினியில் நிறுவி, திறந்து, நீக்கியும் பார்க்க வேண்டும். முதல் வெளியீட்டில் மிகக் கவனமாகச் சோதிக்க வேண்டியது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பகுதி. வேறெந்தப் பிழையையும் அடுத்த பதிப்பில் திருத்தி அனுப்பலாம். புதுப்பிப்பானே பழுதாக இருந்தால், அந்தத் திருத்தம் பயனரைத் தானாகச் சென்று சேராது.