ஏலாத நாளின் அளவு

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெஹிவளை ஒழுங்கைகளில் பழைய வீடுகளின் யன்னல் மேற்கட்டுகளை அண்ணாந்து பார்த்தால், எங்காவது ஓரிடத்தில் கொங்கிரீட் பாளமாகக் கழன்று உள்ளே கம்பி தெரியும். உப்புக் காற்று சீமெந்துக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிடக் கூடுதலான இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கொங்கிரீட்டை வெடிப்பித்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் குளியலறை வாசலின் லிண்டல் அப்படித்தான் போனது. அது போன பிறகுதான் வீடு திருத்தும் கதை ஒரு முடிவுக்கு வந்தது. அதற்கு முதல் ஆண்டுக்கணக்காக அது வெறும் கதைதான். "உமக்குக் கொஞ்சம் சுகம் வரட்டும், பிறகு செய்வம்" என்று என் கணவர் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார்.

சுகம் வந்து முடிகிற வருத்தம் இல்லை இது. முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி மூட்டுகளின் உட்சவ்வையே எதிரியாக எடுத்துக்கொள்ளும். குறையும், கூடும், சில மாதம் மறந்திருக்கலாம் போலவும் இருக்கும். போகாது. இப்படிப்பட்ட உடம்போடு இருப்பவர்கள் சுகம் வரட்டும் என்று வீட்டு வேலையைத் தள்ளிவைத்தால் கடைசிவரை பிழையான வீட்டில்தான் இருப்பார்கள். இதை நான் உறுதியாக நம்புகிறேன். என் அம்மா அப்படித்தான் இருந்தார்.

வீட்டு வேலையை 2022இல் தொடங்கியிருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த அந்த ஆண்டை நினைத்தால் எதைத் தொடங்குவது? 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த ஐம்பது கிலோ சீமெந்துப் பை அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் மூவாயிரத்தை எட்டியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் டைலுக்கும் குளியலறைச் சாமான்களுக்கும் தட்டுப்பாடு. மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. அரச மருந்தகங்களிலும் தனியார் மருந்தகங்களிலும் குளிசை இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைவரை காலி வீதியில் இருக்கிற பார்மசிகளில் ஏறி இறங்கி, ஒரே பெயருள்ள மருந்தை வெவ்வேறு கொம்பனிப் பட்டைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த காலம் அது. கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். மெத்தோட்ரெக்சேட் நின்றால் விரல் மடங்காது.

அந்தக் குளிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுவது. மறுநாள் குமட்டும், உடம்பு சாணியாய்க் கிடக்கும். அதன் பூர்வீகத்தைத் தேடினால் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவிடம் போய் நிற்கும். பீமாவரத்தில் பிறந்த அவர் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் நடத்திய குழுவிலிருந்து வந்த மருந்துகள்தான் 1940களின் பிற்பாதியில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் கொடுக்கப்பட்டன. மூட்டு நோய்க்கு இது பெரிய அளவில் வந்தது 1980களில். 1948இல் இறந்துபோன அந்த மனிதருக்குத் தெஹிவளையில் ஒருத்தி காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிறாள் என்பது தெரிய வாய்ப்பே இல்லை. நான் அவரை நன்றியோடு நினைப்பதுண்டு.

அம்மாவின் கைக்கு இது எட்டவில்லை. அஸ்பிரின், ஸ்டீரோயிட், தங்க ஊசி. அதற்கு மேல் பூசுவதற்குச் சித்தாலேப. அம்மா படுத்திருந்த அறையில் அந்த மணம் சுவரில் ஊறியிருந்தது. இப்போது பெயின்ட் சுரண்டியபோது அது வருமென்று எதிர்பார்த்தேன். சுண்ணாம்பு மணந்தான் வந்தது.

வேலைக்கு வந்த மேசன் பாஸ் ஹட்டன் பக்கத்தவர். முதல் நாளே, "அம்மா, ஒரு மாசம் சொந்தக்காரங்க வீட்டுல போயி இருங்களேன், தூசி உங்களுக்குத் தாங்காது" என்றார். எங்கே போவது? மச்சாளின் வெள்ளவத்தை பிளாட்டில் குளியலறைக்கு ஏறும் படி என் முழங்காலுக்குப் பெரிது. மற்றவர்களின் கதவுகள் என் கைக்குப் பழக்கமில்லை. நோயோடு இருப்பவருக்கு வீடு என்பது, எந்தச் சுவரில் எங்கே கை ஊன்றினால் எழும்பலாம் என்ற அறிவு. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. "நான் இங்கேயே இருக்கிறன், பாஸ். நீங்கள் ஒவ்வொரு அறையாச் செய்யுங்கோ" என்றேன்.

அப்படி இருப்பதில் முதல் சண்டை நேரத்தோடுதான். வேலையாட்கள் எட்டு மணிக்கு வருவார்கள். எட்டு மணிக்கு என் கை என்னுடையது இல்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்கள் விடியப்புறத்தில்தான் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகும் என்றும், அதனால்தான் காலையில் இந்த இறுக்கம் என்றும் டொக்டர் விளங்கப்படுத்தியிருக்கிறார். பத்து மணிக்குக் கொஞ்சம் இளகும். ஆனால் மணல் லொறி ஆறரைக்கு வந்து நிற்கும், கேற் திறப்பு கேட்பார்கள், சங்கிலிப் பூட்டைத் திறக்க வேண்டும். கடைசியில் பூட்டை மாற்றினோம். வீட்டில் முதலில் திருந்தியது அதுதான்.

டைல் வெட்டுவதைக் குளிசை நாளுக்கும் அதற்கு அடுத்த நாளுக்கும் வைக்கக்கூடாது என்று ஒழுங்கு செய்தோம். தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றும் சொன்னேன். அது எனக்காக மட்டும் இல்லை. கல்லிலும் மணலிலும் இருந்து எழும் சிலிக்காத் தூசியை வருடக்கணக்காக மூச்சில் எடுப்பவர்களுக்கு நுரையீரல் நோய் மட்டுமல்ல, எனக்கிருக்கிற இதே வாதம் வரும் சாத்தியமும் கூடுகிறது. பாஸுக்கு இடுப்பு உளைவு. குந்தியிருந்து தரை போட்ட முப்பது வருடம் முழங்காலில் இருக்கிறது. மத்தியானம் பனடோலும் பிளேன்டீயும் குடித்துவிட்டு விறாந்தையில் சுவரோடு சாய்ந்து இருப்பார், நான் கதிரையில் இருப்பேன். இரண்டு பேரும் எங்கெங்கே நோகிறது என்று கதைப்போம். வீட்டை நோயாளிக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிறோம் என்கிறோம், மாற்றுகிற உடம்பின் நோவை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். கையாளாக வந்த பெடியன் அதைத் தாடைக்குக் கீழே போட்டுக்கொள்வான். ஒவ்வொரு முறையும் சொல்லுவேன், ஒவ்வொரு முறையும் ஏற்றிக்கொள்வான்.

குசினி மேடைக்கு அளவெடுக்க பாஸ் வந்தது ஒரு பின்னேரம். பின்னேரங்களில் எனக்கு நல்லது. கையைத் தோளுக்கு மேலே தூக்கி, "தட்டு இந்த உயரத்துக்குப் போடலாம்" என்று காட்டிவிட்டேன். பாஸ் பென்சிலால் கோடு போடப் போனார். அப்போதுதான் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. "வேண்டாம் பாஸ், நாளைக்குக் காலமை வந்தவுடனே அளவெடுங்கோ" என்றேன். காலையில் கை நெஞ்சளவுக்குத்தான் வந்தது. தட்டு அங்கேதான் இருக்கிறது இப்போது. மேடையின் ஒரு பகுதி தாழ்வு, கதிரையில் இருந்தபடி மரக்கறி வெட்டலாம். உருட்டிப் பிடிக்கும் குழாய் ஒன்றும் இல்லை, எல்லாம் நீட்டுப் பிடி, முழங்கையாலும் தள்ளலாம். கதவுக் குமிழ்கள் போய்விட்டன. ஏலாத நாளில் எது முடியுமோ அதுதான் அளவு. நல்ல நாளுக்கு அது ஒருபோதும் இடைஞ்சல் இல்லை.

அளவை யாரிடம் கேட்பது என்று யோசித்த ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். மினெட் டி சில்வா. 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டப்புளுவையில் ஒரு வீடமைப்புத் திட்டத்தை வரையும்போது, அங்கே குடியேறப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டு வரைந்தார். அவரே 1998இல், எண்பது வயதில், தன் வீட்டுக் குளியல் தொட்டியடியில் விழுந்து, கண்டி வைத்தியசாலையில் இறந்தார். பிறர் வீட்டுக்குள் அவ்வளவு அக்கறையோடு போய்ப் பார்த்த பெண்ணின் குளியலறையில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்றா என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கள் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி போடும் நாட்களில் அவரைத்தான் அதிகம் நினைத்தேன்.

கைப்பிடி என்பது வாங்கித் திருகிவிடும் சாமான் இல்லை. எங்கள் சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக்கல். அதில் ரோல் பிளக் அடித்தால் துவாய் தொங்கும், ஆள் தொங்க முடியாது. பாஸ் அந்த இடங்களில் சுவரை வெட்டிக் கொங்கிரீட் நிரப்பி, காயவிட்டு, பிறகுதான் துளைத்தார். உப்புக் காற்றுக்குச் சாதாரண எவர்சில்வரும் கறை பிடிக்கும், கடலோரத்துக்கென்று வரும் தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்போது கடையில் நின்று பிடித்துப் பார்த்தேன். மெல்லிய கம்பி என் விரலுக்குள் நிற்காது.

அங்கேதான் அந்தப் படி இருந்தது. குசினியிலிருந்து குளியலறைக்கு ஏறும் ஆறங்குலப் படி. அது அங்கே வந்ததன் காரணம் 1983.

ஜூலை மாதக் கடைசியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் ஒழுங்கைக்கும் கும்பல் வந்தது. சிங்களக் குடும்பமொன்று எங்களைத் தங்கள் அறையொன்றில் பூட்டி வைத்துக் காப்பாற்றியது. பிறகு இரத்மலானை விமான நிலைய முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் பின்பாதி எரிந்து கிடந்தது. அப்பா கையிலிருந்த காசுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு செய்தார். மரமும் ஓடுமாக இருந்த இடத்துக்கு அஸ்பெஸ்டோஸ் சீற். எரிந்த தரையைக் கிண்டி அள்ளக் கூலி இல்லாததால் இடிபாட்டை அப்படியே மட்டம் தட்டி அதன் மேலே புதுத்தரை. அந்தப் பக்கம் உயர்ந்தது. படி வந்தது.

அம்மாவின் விரல்கள் வீங்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். சுடுதண்ணி வாளியை அந்தப் படியில் ஒருமுறை வைப்பார், தான் ஏறுவார், பிறகு வாளியைத் தூக்குவார். அது அவருடைய நடையாகவே எங்களுக்குத் தெரிந்தது. ஒருநாளும் அந்தப் படியை யாரும் ஒரு பிழையாகப் பார்க்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எரிந்த வீட்டில் கூரை கிடைத்ததே போதும் என்றிருந்தவர் படியைப் பற்றி என்ன கேட்பார்?

பாஸ் அலவாங்கு போட்டு அதைக் கிளப்பினார். சீமெந்துக்குக் கீழே கருகிய செங்கல், ஓட்டுத் துண்டுகள், உருகிப்போன கண்ணாடி. அதற்கும் கீழே பழைய சிவப்புத் தரை, கார்டினல் பொலிஷ் போட்டு அம்மா துடைத்த தரை, புகையேறிக் கறுத்து, ஆனால் வெடிக்காமல் இருந்தது. பாஸ் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் ஊர்த் தேயிலைத் தோட்டத்திலும் அந்த ஆண்டைப் பற்றிக் கதைகள் உண்டு. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. "மட்டம் இதுதான், அம்மா" என்றார். புதுத்தரையை அந்தப் பழைய மட்டத்துக்கே இறக்கிப் போட்டோம். இப்போது குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, காலை இழுத்துக்கொண்டே போகலாம்.

படிகளைப் பற்றி இந்த நாட்டில் சட்டம் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2006இன் அணுகு வசதி ஒழுங்குவிதிகள். அவை நடைமுறைக்கு வர ஒரு மனிதர் தேவைப்பட்டார். கிரிக்கெட் நடுவரும் இரசாயனவியலாளருமான அஜித் பெரேரா, 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்ததில் சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2009இல் அவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி கட்டாயம் என்று கட்டளையிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை வங்கிக்கு, எத்தனை கிளினிக்குக்கு முன்னால் படிகளைக் கண்டு திரும்பியிருக்கிறோம் என்பதை நோயாளிகளைக் கேட்டால் தெரியும். வீட்டுக்குள் அந்தச் சட்டம் வராது. வீட்டுக்குள் கேட்பதற்கு நாங்கள்தான் இருக்கிறோம். கேட்பதற்குப் பெண்களுக்குத்தான் இன்னும் வாய் வருவதில்லை.

மிச்சம் இருப்பது கூரை. 1984இன் அதே சீற். இலங்கை 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்திருந்தது. அதற்கு முந்திய டிசம்பரில் ரஷ்யா, ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டோஸ் பெருமளவில் ரஷ்யாவிலிருந்துதான் வருகிறது. கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது, தேயிலை மறுபடி போனது. பாஸின் அம்மா கொழுந்து பறித்தவர். "எங்க தேயிலைக்குக் கூரையா குடுத்தாங்க" என்றார், கோபத்தோடுதான்.

சீற் உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. வெட்டினால், உடைத்தால், பாசியைச் சுரண்டினால்தான் நார் காற்றில் கலக்கும். அதனால் நனைத்து, ஆணியை அடித்துப் பிடுங்காமல் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். மாசியில் மழை குறைவு, அப்போது செய்யலாம் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். தகடு இறக்குகிற நாட்களில் மட்டும் நான் வீட்டில் இருக்க மாட்டேன், டொக்டரும் அதையே சொன்னார். மச்சாளின் பிளாட்டுக்குத்தான் போக வேண்டும். போன கிழமை அவர் போன் எடுத்து, தன் குளியலறைப் படியை எடுப்பதற்கு எவ்வளவு முடியும் என்று பாஸிடம் கேட்கச் சொன்னார். கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு மேலே குழாய் போகிறதாம், படியை எடுக்க ஏலாது, அறைப் பக்கத்துத் தரையைச் சரிவாக உயர்த்தலாம் என்று பாஸ் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓரடி நீளச் சரிவு வேண்டும். இடம் போதுமா என்று ஞாயிற்றுக்கிழமை அளக்கப் போகிறார்கள். காலையில் போகச் சொல்லியிருக்கிறேன்.