அவன் கூலியையும் கணக்கில் சேர்

ஸ்கூடாய், ஜொகூர்.

அன்புத் தங்கைக்கு,

 

உன் மகனைப் பற்றி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "டிப்ளோமா முடிச்ச கையோட உங்க வீட்ல தங்கி, துவாஸ் வழியா சிங்கப்பூர் வேலைக்குப் போகட்டும்னு பார்த்தா, சொந்தமா ஏர்கோன் சர்விஸ் ஆரம்பிக்கிறேன்னு நிக்கிறான்" என்று வருத்தப்பட்டாய்.

தொழிற்கல்லூரிப் பிள்ளைகளோடு தினமும் பழகுகிறவன் என்பதால் சொல்கிறேன். முதல் ஆண்டில் "யார் சொந்தத் தொழில் செய்யப் போறீங்க?" என்று கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். கடைசி ஆண்டில் இரண்டு மூன்று கைதான். இடையில் அவர்களுக்குத் துணிச்சல் குறைந்துவிடவில்லை. வேலை கிடைக்காதவன்தான் தொழில் தொடங்குவான் என்ற பேச்சு வீட்டில் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் இந்தக் கல்லூரிகளுக்கு அரசாங்கம் வைத்த இலக்கே 70 விழுக்காட்டினர் வேலைக்கு, 20 விழுக்காட்டினர் மேல்படிப்புக்கு, 10 விழுக்காட்டினர் சொந்தத் தொழிலுக்கு என்பதுதான். அந்தப் பத்தில் ஒருவனாக நம் பிள்ளை இருக்கக் கூடாதா?

இந்தப் பிள்ளைகளிடம் உள்ள குறை வேறு. என் மாணவன் ஒருவன் தாமான் யுனிவர்சிட்டியில் ஒரு வாடகை வீட்டில் ஏர்கோன் கழுவிக் கொடுத்துவிட்டு ஐம்பது வெள்ளி வாங்கி வந்தான். கணக்கு எழுதச் சொன்னேன். கழுவும் மருந்து, பெட்ரோல், பம்ப் தேய்மானம் எல்லாம் ஒழுங்காக எழுதினான். "உன் கூலி எங்கேடா?" என்றேன். "நான்தானே சார் செஞ்சேன்" என்றான். வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த பிள்ளைக்குத் தன் உழைப்புக்கு விலை வைக்கத் தெரியவில்லை. தொழிலில் முதலில் கற்க வேண்டியதே அதுதான்.

சிங்கப்பூர் வேலையைப் பற்றி நீ நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் மலேசிய வெள்ளி மூன்றுக்கு மேல். இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்துதான் 1,700 வெள்ளி ஆனது. ஆனால் எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணிக்கே சிங்கப்பூர் போகும் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். போகவர ஆகும் நேரம், எல்லையில் நிற்கும் நேரம், கெடும் தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்காக நாளைக்கே கடை போடச் சொல்லவில்லை. இரண்டு வருடம் நல்ல கோண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கட்டும். ஏர்கோன் கேஸ் கையாளச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரிக்கும் சான்றிதழை வாங்கட்டும். பிறகு நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் தொழில் பெயரைப் பதியலாம். வருடத்துக்கு அறுபது வெள்ளிதான். ஈபிஎஃப் சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்பு இருக்காதே என்று பயப்படுகிறாய். சொந்தத் தொழில் செய்வோருக்கும் சொக்சோ பாதுகாப்புத் தர 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. ஈபிஎஃப்பில் அவனாகவே விருப்பப்பட்டுக் கட்டி வரலாம். நம் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தெக்குன் என்னும் அரசுக் கடன் நிறுவனத்தின் ஸ்புமி கடன் இருக்கிறது. ஆனால் தொடங்கும்போதே கடன் வேண்டாம். நிலையாக வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு அதை யோசிக்கட்டும்.

அவனை இங்கே அனுப்பு. தங்க அறை இருக்கிறது, சாமான் வைக்கப் பின்கட்டு இருக்கிறது. கணக்கு எழுத நான் பழக்கிவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முறை உன் வீட்டு ஏர்கோனை அவனே கழுவட்டும். கழுவி முடித்ததும், "பெத்த பிள்ளைக்கு எதுக்குக் கூலி" என்று சொல்லாமல், வெளியாளுக்குக் கொடுப்பதை அப்படியே அவன் கையில் கொடு.

அன்புடன்,
அண்ணன்